சுவர் முழுக்கக் கண்ணாடி: மூடுவதா, கழற்றுவதா? மட்டக்களப்பு – கல்முனைக் கடைகளில் கிடைக்கும் நான்கு வழிகள்

ஹோலில் ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, சாப்பாட்டறையில் ஓரம் சீவிய சதுரக் கண்ணாடிகள், மாடிப்படிப் பக்கம் செம்பு நிறக் கண்ணாடி. ஒரு காலத்தில் கிழக்கிலங்கையில் வசதியாகக் கட்டிய வீடுகளில் இதில் ஒன்றாவது இருந்தது. இப்போது அந்த ஓரங்களில் கறுப்பு ஏறிவிட்டது. நடுவில் புள்ளி விழுந்துவிட்டது. மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பெருவீதியோடு இருக்கும் அலுமினிய – கண்ணாடிக் கடைகளில் இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு பதில்கள் வரும். மேலே ஸ்டிக்கர் ஒட்டலாம். பெயின்ட் அடிக்கலாம். பனல் அடித்து மூடலாம். கழற்றிவிட்டுச் சுவரைப் பூசலாம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 5 க்கு ஸ்டிக்கர் 2½, பெயின்ட் 1, சட்டம் அடித்துப் போட்ட பனல் 3, பசையால் ஒட்டிய பனல் 0, கழற்றிப் பூசுவது 4½. அரைப் புள்ளி எங்கே போனது என்பது பின்னால் வரும்.

முதலில், ஓரம் ஏன் கறுக்கிறது

கண்ணாடித் தாளின் முதுகில் வெள்ளி மிக மெல்லிய படையாக இருக்கிறது. பழைய கண்ணாடிகளில் அதற்குப் பின்னால் செம்புப் படை, அதற்கும் பின்னால் பாதுகாப்புப் பெயின்ட். வெட்டிய ஓரத்தில் இந்தப் படைகள் திறந்தே இருக்கும். ஈரமும் உப்பும் அங்கிருந்துதான் உள்ளே நுழைகின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊர்களில் இது சீக்கிரம் நடப்பதில் புதுமை இல்லை. இன்னொரு காரணம் பொருத்தியவர் கையில் இருக்கிறது. வினாகிரி மணக்கும் சாதாரண சிலிக்கன் பசை காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும். அது முதுகுப் பெயின்டையும் வெள்ளியையும் தின்னும். கண்ணாடியின் நடுவே, சிலிக்கன் வைத்த இடங்களில் மட்டும் வட்ட வட்டமாகக் கறுப்பு வந்திருந்தால் காரணம் இதுவே. கண்ணாடி ஒட்டுவதற்கு நியூட்ரல் வகை சிலிக்கன்தான் வேண்டும். குழாயின் மேலேயே அப்படி எழுதியிருக்கும்.

அழிந்த வெள்ளி திரும்பி வராது. துடைப்பதும் மருந்து பூசுவதும் வீண் வேலை.

மேலே சொன்ன நான்கு வழிகளையும் எடைபோட ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒட்டிய கண்ணாடியைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது அந்த முதுகுப் பெயின்ட் படைதான். பசை பெயின்டைப் பிடித்திருக்கிறது, பெயின்ட் வெள்ளியைப் பிடித்திருக்கிறது, வெள்ளி கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. ஓரம் கறுத்துவிட்டது என்றால் அந்த இடத்தில் இந்தப் பிடி விட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். முன்பக்கத்தில் நீங்கள் எதை ஒட்டினாலும் அதன் பாரத்தையும் அதே பழைய பிடிதான் தாங்க வேண்டும்.

பாரம் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 1 மி.மீ தடிப்புக்கு ஒரு சதுர மீற்றருக்கு 2½ கிலோ. 8க்கு 4 அடித் தாள் ஒன்று 4 மி.மீ தடிப்பில் ஏறத்தாழ 30 கிலோ, 6 மி.மீ என்றால் 45 கிலோ. 10 அடி நீளம், 8 அடி உயரச் சுவருக்கு 5 மி.மீ கண்ணாடி போட்டிருந்தால் மொத்தம் 93 கிலோ அளவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்டிக்கர் (2½)

வாடகை வீட்டுக்கும், கல்யாண வீட்டு அவசரத்துக்கும் இது சரி. பாரம் இல்லை, தூசி இல்லை, வேண்டாமென்றால் உரிக்கலாம். பனிக்கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய ஸ்டிக்கர் தாளை ஈரமாகத்தான் ஒட்ட வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மூன்று துளி ஷாம்பு, ஸ்பிறே போத்தல், றப்பர் தகடு போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். தடித்த, ஒளி புகாத தாளை ஈரத்தில் ஒட்டினால் தண்ணீர் உள்ளேயே நின்று குமிழி போடும். அதை உலர்வாக, மேலிருந்து அரை அடி அரை அடியாக உரித்து ஒட்டுவதே நல்லது. எந்தத் தாளானாலும் கண்ணாடி ஓரத்திலிருந்து 2 மி.மீ உள்ளே நிறுத்துங்கள். ஓரத்தைத் தாண்டி மடித்தால் துடைக்கும் தண்ணீர் அதன் வழியாக முதுகுக்குப் போகும்.

குறை இதுதான்: பனிக்கண்ணாடித் தாளுக்குள்ளால் கறுப்பு ஓரம் தெரியும். கடையில் மாதிரித் துண்டை வெள்ளைக் கடதாசியில் வைத்துக் காட்டுவார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து கறுத்த ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மேற்குப் பக்க யன்னல் வெயில் விழும் கண்ணாடிக்குக் கடும் நிறத் தாள் போடக்கூடாது. நிறம் சூட்டை வாங்கும். வெயில் பட்ட பகுதி விரிய, நிழலில் இருக்கும் ஓரம் விரியாமல் நிற்க, கண்ணாடி தானாக வெடிக்கலாம்.

செங்கல் வடிவில் வரும் ஒட்டும் ஃபோம் தாள்களையும் இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும். மலிவு, இலேசு. ஆனால் உரிக்கும்போது பசை முழுவதும் கண்ணாடியிலேயே நிற்கும். மூலை மூலையாக எழும்பத் தொடங்கினால் பிறகு எந்தப் பசையும் அதைப் பிடிக்காது.

பெயின்ட் (1)

கண்ணாடிக்குத் துளை கிடையாது. பெயின்ட் பிடிக்க இடமில்லை. வீட்டுச் சுவர் எமல்ஷனை நேரே அடித்தால் நகத்தால் உரித்துவிடலாம். முறைப்படி செய்வதென்றால் அமோனியா கலந்த கண்ணாடிக் கழுவி, அதன் பிறகு ஸ்பிரிட், பிறகு 320 ஆம் நம்பர் தேய்ப்புத் தாளால் மெல்லிய தேய்ப்பு, வழுக்கும் பரப்பில் பிடிக்கும் சிறப்புப் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட். இவ்வளவும் செய்தாலும் மாரி காலத்தில் கண்ணாடி மேல் ஈரம் பூக்கும். பெயின்ட் தாள் தாளாகக் கழன்று வரும். பிறகு அதைச் சுரண்டுவதற்கும் ஒரு கூலி. ஒரு புள்ளி கொடுத்ததே சின்ன அலங்காரச் சதுரங்களுக்காகத்தான்.

பனல் (சட்டத்தில் 3, பசையில் 0)

இப்போது அதிகம் விற்பது இதுதான். பிவிசி பனல், வரி வரியான டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பனல், மாபிள் தோற்றத்தில் வரும் 8க்கு 4 பிவிசி தாள். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. கறையான் வராது, ஈரத்துக்கு ஊதாது என்பதும் உண்மை. பிரச்சினை பொருத்தும் முறையில் இருக்கிறது.

"கண்ணாடி மட்டமாத்தானே இருக்கு, சிலிக்கன் வெச்சு நேரே ஒட்டலாம்" என்று சொல்லும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். மாபிள் தோற்றத் தாள் ஒன்று 10 கிலோவுக்குக் குறையாது. அந்தப் பாரமும் கண்ணாடியின் பாரமும் சேர்ந்து, ஓரம் அழுகிய ஒரு பெயின்ட் படையில் தொங்கும். விழும் நாளில் இரண்டும் சேர்ந்துதான் விழும். கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் மூடியிருப்பதால் அது விலகுவதையும் பார்க்க முடியாது.

சட்டம் அடித்துப் போடுவதென்றால் பாரம் சுவருக்குப் போக வேண்டும். அதற்குக் கண்ணாடியைத் துளைக்க வேண்டும். ஈட்டி முனை கொண்ட கண்ணாடி பிட் அல்லது டயமன்ட் வளைய பிட், மெதுவான சுற்று, ட்ரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமரை நிறுத்தி, துளைக்கும் இடத்தில் தண்ணீர் விட்டபடி. ஓரத்திலிருந்து 2 அங்குலமாவது உள்ளே. துளை, திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். திருகாணி கண்ணாடியைத் தொட்டால் முறுக்கும்போது வெடிப்பு ஓடும். கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் சுவருக்கான பிட். சீமெந்துக் கல் சுவரின் வெற்றறைக்குள், திருகாணி பிடிக்கச் செருகும் பிளக் போனால் அது சும்மா சுழலும். ஆகவே பிளக் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகே சட்டத்தை இறுக்க வேண்டும். சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம். மேலேயும் கீழேயும் அரை அங்குலம் காற்றுக்கு விட வேண்டும்; அடைத்துவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

இவ்வளவு கவனமாகத் துளைக்கத் தெரிந்த ஆளுக்குக் கண்ணாடியைக் கழற்றவும் தெரியும். அப்படியிருக்க ஏன் உள்ளே வைத்து மூட வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

கழற்றிப் பூசுவது (4½)

முதலில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குமிழ் மூடி போட்ட திருகாணிகள் என்றால் வேலை சுலபம். மூடியைச் சுழற்றிக் கழற்றி, கீழ்த் திருகாணியை விட்டுவிட்டு மேலதை முதலில் தளர்த்த வேண்டும். ஒருவர் கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கீழே அலுமினிய வாய்க்கால் இருந்தால், கண்ணாடியை அரை அங்குலம் மேலே தூக்கித்தான் வெளியே எடுக்கலாம். ஒன்றும் தெரியவில்லையென்றால் பசைதான். பக்க ஓரத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தால் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கட்டி கட்டியாகத் தெரியும். விரலால் தட்டினால் பசை உள்ள இடம் கனத்த சத்தம், இல்லாத இடம் வெற்றுச் சத்தம். பசை இடங்களை மார்க்கரால் கண்ணாடி மேலேயே வட்டமிட்டுக்கொண்டால் பிறகு உதவும்.

கீழே டைல் பட்டி கண்ணாடியின் அடி ஓரத்தை மூடியிருந்தால், அல்லது மேலே சீலிங் பலகை அதன் தலையில் உட்கார்ந்திருந்தால், முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும். அப்படியே இழுத்து உடைத்துவிட்டு "பழைய கண்ணாடி, அப்படித்தான்" என்பார்கள். அது பழசின் குற்றமே அல்ல.

தயாரிப்பு: அந்தச் சுவரிலுள்ள பிளக், சுவிட்ச் எல்லாவற்றுக்கும் கரன்டை நிறுத்தி, முகப்புகளைக் கழற்றவும். ஏசி ஓடிய அறையென்றால் முன்கூட்டியே நிறுத்தி, கண்ணாடி அறைச் சூட்டுக்கு வரட்டும். கண்ணாடி முழுவதும் ஸ்டிக்கர் தாள் அல்லது 2 அங்குலப் பெக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக, அரை அடிக்கு மேல் இடைவெளி விடாமல் ஒட்டவும். சாதாரண கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பிளந்து விழும். டேப் அதைத் துண்டாகப் பிடித்து வைக்கும். தோல் கையுறை, கண் கவசம், முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு வரும் வேலையாளை வாசலிலேயே நிறுத்துங்கள். கீழே பழைய மெத்தை, அதன் மேல் சாக்கு.

பசையை அறுக்கப் பின்னிய இரும்புக் கம்பிதான் ஆயுதம். மேலை நாடுகளில் இதற்கென்றே கம்பி விற்கிறார்கள். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரிய மீன் தூண்டிலுக்குப் போடும் துருப்பிடிக்காத பின்னல் கம்பி மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கும். 1 மி.மீ அல்லது அதற்குக் குறைவான தடிப்பு, கண்ணாடியின் அகலத்தோடு 3 அடி கூட்டி நீளம். இரண்டு நுனியிலும் தும்புத்தடித் துண்டு கட்டிப் பிடியாக்கவும். பக்க ஓரச் சிலிக்கனைக் கட்டர் பிளேட்டால் வெட்டிவிட்டு, மேல் ஓரத்தில் கம்பியை நுழைத்து, இருவர் இரு பக்கம் நின்று வாள் இழுப்பது போல மாறி மாறி இழுத்துக் கீழே வர வேண்டும். மார்க்கர் வட்டம் வரும் இடத்தில் கம்பி இறுகும். அங்கே ஹெயார் ட்ரையரால் ஓரடிப் பரப்பைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினால் பசை இளகும். ஹீட் கன் வேகமானது, ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் கண்ணாடி வெடிக்கும். அனுபவம் இல்லாத கையில் கொடுக்கக்கூடாது.

கம்பி கீழே போகப் போக, மேலே மெல்லிய மர ஆப்புகளை இரண்டடிக்கு ஒன்றாகச் செருகிவர வேண்டும். 3 மி.மீ இடைவெளி போதும். ஸ்குரூ ட்ரைவரை ஒரு முனையில் விட்டு நெம்பினால் அந்த முனையிலிருந்து வெடிப்பு கிளம்பும். கடைசிக் கட்டி அறுபடும் முன்பே இருவர் கண்ணாடியில் கை வைத்திருக்க வேண்டும். பெரிய தாளென்றால் மூவர். கழற்றிய தாளை நட்டமாகவே தூக்கவும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே வளைந்து முறியும். இரண்டு மரத்துண்டின் மேல் நிறுத்திச் சுவரில் சிறிது சாய்த்து வைக்கலாம்.

ஓரடிச் சதுரக் கண்ணாடிகளுக்குக் கம்பி தேவையில்லை. வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, அகலமான பட்டித் தகட்டை (சுவரை மட்டமாக்கும் வோல் பட்டி பூசும் தகடு) நுழைத்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். சில உடையும். வெள்ளைச் சீமெந்தில் முழுப் பரப்பும் பதித்திருந்தால் முழுசாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, டேப் ஒட்டி, ஓரத்திலிருந்து துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

பிறகு சுவர்

அரைப் புள்ளி போனது இங்கேதான். கண்ணாடிக் கடை கழற்றித் தரும்; மேசன் வேலை அவர்களுடையது இல்லை. கழற்றிய சுவரில் கட்டிக் கட்டியாகப் பசையும், பசையோடு பிய்ந்த பூச்சின் குழிகளும் இருக்கும். இரண்டு ஆட்களும் வெவ்வேறு நாளில் வந்து ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்வது வழமை. வேலை தொடங்க முன்பே மேசனுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

சிலிக்கன் எச்சத்தின் மேல் பட்டியும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. தின்னர் போட்டுத் துடைத்தாலும் போகாது. கட்டர் பிளேட்டால் பூச்சின் மேல்தோலோடு சேர்த்துச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். தார் போன்ற கறுப்புப் பசையாக இருந்தால், செதுக்கிய பின் எஞ்சும் கறை எமல்ஷனுக்குள்ளால் மஞ்சளாக ஊறி வரும். அந்த இடங்களுக்கு மட்டும் எண்ணெய் பிரைமர் ஒரு கோட்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு சோதனை. பல வருடம் மூடிக் கிடந்த சுவருக்கு ஈரம் வெளியேற வழி இருந்திருக்காது. 2 அடிச் சதுரப் பொலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 48 மணித்தியாலம் விடுங்கள். பொலிதீனின் உட்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரின் அடி இரண்டு மூன்றடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால், உப்புத் தெரியும் எல்லைக்கு ஓரடி மேல்வரை பூச்சை உடைத்து எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். உப்புச் சுவரில் எண்ணெய் பிரைமரோ பட்டியோ போட்டால் கொப்பளித்துத் தள்ளும்.

குழிகளுக்கு 1 பங்கு சீமெந்து, 5 பங்கு ஆற்று மண். கடல் மண் வேண்டாம். உப்பை நீங்களே விலை கொடுத்துச் சுவரில் ஏற்றுவதாக முடியும். பழைய பூச்சை முதலில் நனைத்துவிட்டுப் பூச வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூச்சு ஒரே நாளில் வரண்டு மயிர்க்கோடு விடும். ஒரு வாரத்துக்குக் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். மாரியில் இதற்கு நேர்மாறு: காயவே காயாது. முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். புதுப்பூச்சுக்கு 28 நாள் விட்டுத்தான் காரம் தாங்கும் பிரைமர் அடிக்கலாம்.

10க்கு 8 அடிச் சுவருக்குச் சாமான்: வோல் பட்டி 10 கிலோ, பிரைமர் 1 லீற்றர், எமல்ஷன் 2 கோட்டுக்கு 1½ முதல் 2 லீற்றர், 180 ஆம் நம்பர், 220 ஆம் நம்பர் தேய்ப்புத் தாள். பட்டியை இரண்டு மெல்லிய கோட்டாகப் போடுங்கள்; குழி நிரப்பப் பட்டியைப் பயன்படுத்தினால் சுருங்கிப் பள்ளம் தெரியும். பளபளப்பான எமல்ஷன் இந்தச் சுவருக்கு வேண்டாம். எத்தனை ஒட்டு இருக்கிறதோ அத்தனையையும் யன்னல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

கடையில் பேசும்போது

விலை சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். அந்த எண்ணுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். டைல் பட்டி, சீலிங் ஓரம் கழற்றிப் பூட்டுவது சேருமா? உடைந்தால் கூலி குறையுமா? உடைசலை ஏற்றிப் போவது யார்? வரும் ஆட்கள் எத்தனை பேர்? 8க்கு 4 தாளுக்கு ஒரு ஆளை அனுப்பும் கடை வேண்டாம்.

முழுசாக வரும் கண்ணாடி யாருக்கு என்பதையும் முதலே பேச வேண்டும். கறுத்த ஓரம் 2 அங்குலம் வெட்டிப்போனாலும் நடுப்பகுதி நல்ல சரக்கு. 8க்கு 4 தாளிலிருந்து அலுமாரிக் கதவுக்கு இரண்டு, கை கழுவும் இடத்துக்கு ஒன்று தாராளமாக எடுக்கலாம். வெட்டுக் கோடு முன்பக்கத்தில்தான் போட வேண்டும், ஓரத்தை மட்டம் தட்ட வேண்டும், புது ஓரத்துக்குத் தெளிந்த நெயில் பொலிஷ் ஒரு கோட் அடித்தாலும் ஈரம் ஏறுவது பிந்தும். கடைக்காரர் கண்ணாடியை எடுத்துக்கொள்வதானால் கழற்றும் கூலியில் கழித்துக் கேளுங்கள். சங்கடப்படத் தேவையில்லை, அவர் அதை விற்கத்தான் போகிறார்.

உடைசலைப் போத்தல் சேர்ப்பவர்களிடம் கொடுக்க முடியாது. முதுகில் பெயின்டும் உலோகமும் இருப்பதால் போத்தல் கண்ணாடியோடு அது கலக்காது. தடித்த அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டி ஆட்களின் கையில் சொல்லியே கொடுங்கள்.